இருபது வயதில் தெரியவரும் கணக்கு

சிஏஎச் என்ற பிறவிக் குறைபாட்டுக்காகச் சிறு வயதிலேயே பிறப்புறுப்பில் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பெண்களைப் பற்றிப் பல நாடுகளில் வெளிவந்த 29 ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,178 பேர். கத்தி வைத்தபோது சராசரி வயது மூன்றுக்கும் குறைவு. அறுவையின் விளைவு எப்படி என்று கேட்டதற்கு நூற்றுக்கு 79 பேர் திருப்தி என்றார்கள். அதே தொகுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. உடலுறவு சிரமமில்லாமல் இருக்கிறது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 48 பேர்தான்.

இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ‘திருப்தி’ என்ற சொல் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எதில் திருப்தி? எதோடு ஒப்பிட்டு? நினைவு தெரியும் முன்பே மாற்றப்பட்ட உடம்போடு வளர்ந்த ஒருத்திக்கு, மாற்றாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இந்த அறுவையின் நீண்டகால விளைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சிக்கல் கூடவே வரும்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். சிஏஎச் என்பதைத் தமிழில் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி எனலாம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்க வேண்டும். அதற்கு 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி தேவை. சிஏஎச் உள்ளவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இந்த நொதியில்தான் குறை. கார்ட்டிசால் வரவில்லையே என்று மூளை சுரப்பியை விரட்டிக்கொண்டே இருக்கும். சுரப்பி பெருக்கும். கார்ட்டிசாலாக மாற முடியாத மூலப்பொருள், மடை அடைபட்ட தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்வதுபோல, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களாக மாறிவிடும். இவ்வளவும் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

தீவிர வகை சிஏஎச், உலக அளவில் ஏறத்தாழ 15,000 பிறப்புக்கு ஒன்று. தாய், தந்தை இருவரும் நோயில்லாமல், ஆனால் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். சுமார் 60 பேரில் ஒருவர் அப்படி இருக்கலாம் என்பதால் இது யார் வீட்டிலும் வரக்கூடியது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடும். இதைச் சொன்னவுடன் பாட்டிமார் முகம் மாறும். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

தீவிர வகையில் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு உப்பிழப்பும் சேர்ந்து வரும். உடம்பு சோடியத்தைப் பிடித்துவைக்க முடியாமல், பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தை வாந்தியெடுத்து, துவண்டு, அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். சிங்கப்பூரில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் 2019-இலிருந்து இந்த நோய்க்கான சோதனையும் சேர்ந்திருக்கிறது. பெரிய நிம்மதி என்பது ஆண் குழந்தைகளுக்குத்தான். அவர்கள் வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லாமல் பிறப்பார்கள். ‘நல்ல பையன்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு மூன்றாவது வாரத்தில் மோசமான நிலையில் அவசரப் பிரிவுக்கு வருவார்கள். பெண் குழந்தையிடம் வித்தியாசம் பிரசவ அறையிலேயே கண்ணில் படும். இன்று எல்லாரும் சரிசெய்யத் துடிக்கும் அந்தத் தோற்றம்தான், சோதனை வராத காலத்தில் பல பெண் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய எச்சரிக்கை மணி.

அந்த வித்தியாசம் என்ன? குழந்தையின் குரோமோசோம் எக்ஸ்எக்ஸ், அதாவது பெண்ணுக்குரியது. உள்ளே கருப்பை இருக்கிறது, சினைப்பைகள் இருக்கின்றன. ஆனால் வெளியுறுப்பு உருவாகும் முதல் மூன்று மாதங்களில் ஆண்ட்ரோஜன் மிகுந்திருந்ததால், கிளிட்டோரிஸ் (பெண்ணுறுப்பின் மேல்முனையில் இருக்கும், உணர்வு மிகுந்த சிறு பகுதி) பெரிதாகி, இதழ்கள் ஒட்டிக்கொண்டு, சிறுநீர்ப் பாதையும் யோனியும் உள்ளே ஒன்றுசேர்ந்து ஒரே வாயாகத் திறந்திருக்கும். எவ்வளவு மாற்றம் என்பதை ஸூரிக் நகர மருத்துவர் ஆண்ட்ரேயா பிராடர் 1954-இல் ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் லேசான வீக்கம் போலத் தெரியும். ஐந்தாம் படியில் பார்ப்பவர் பையன் என்றே சொல்வார். விதைப்பையைத் தொட்டுப் பார்த்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். இந்தப் படிக்கணக்கு முக்கியம். ஏனென்றால் ‘சிஏஎச் அறுவை’ என்று ஒன்றாகப் பேசுகிறோம். முதல் படிக் குழந்தைக்கும் ஐந்தாம் படிக் குழந்தைக்கும் நடப்பது ஒன்றே அல்ல.

அறுவையும் ஒன்றல்ல. கிளிட்டோரிஸைச் சிறிதாக்குவது ஒரு வேலை. இதழ்களை வடிவமைப்பது இன்னொன்று. ஒட்டியிருக்கும் யோனியைப் பிரித்துத் தனி வாய் அமைப்பது மூன்றாவது, மூன்றிலும் கடினமானது. ஒரு வயதை ஒட்டி ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பின்னால் வரும் குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில் வந்தது என்பது என் கருத்து.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் போய் நிற்போம். 1950-இல் அங்கே லாசன் வில்கின்ஸ் சிஏஎச் பிள்ளைகளுக்கு கார்ட்டிசோன் கொடுத்துப் பலன் கண்டார். அதுவரை உப்பிழப்புள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி வந்தது: எப்படி வளர்ப்பது? அதே மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணியும் அவருடைய சகாக்களும் 1955-இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். ஒருவர் தன்னை ஆணாக உணர்வதும் பெண்ணாக உணர்வதும் வளர்ப்பைப் பொறுத்தது. வளர்ப்பு சந்தேகமில்லாமல் நடக்க வேண்டுமானால் உறுப்பு பார்க்கச் சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும். அதைச் சீக்கிரமே செய்துவிட வேண்டும். பிள்ளையிடம் விவரம் சொல்வதும் தவிர்க்கப்பட்டது. கூர்ந்து பார்த்தால், இந்த வாதத்தில் முதலில் ஆறுதல் பெறுவது பெற்றோரின் கண்.

ஆரம்ப காலத்தில் கிளிட்டோரிஸை முழுதாகவே வெட்டியெடுத்தார்கள். அது கொடுமை என்று தோன்றியபோது, 1960-களில் அதை எலும்புக்கடியில் மடக்கித் தைத்து மறைத்தார்கள். இளம் வயதில் உணர்ச்சி வந்தபோது வலித்தது. பிறகு, நுனியையும் நரம்பு, ரத்தக்குழாய்க் கட்டையும் விட்டுவிட்டு நடுத்தண்டை மட்டும் எடுக்கும் முறை வந்தது. ஆனால் அந்த நரம்புகள் ஒரே கட்டாக ஓடுவதில்லை, தண்டைச் சுற்றி விசிறிபோலப் பரவியிருக்கின்றன என்று அமெரிக்க அறுவை மருத்துவர் லாரன்ஸ் பாஸ்கினின் குழு தெளிவாக வரைந்து காட்டியது 1999-இல். அதற்குள் நரம்பைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி கால் நூற்றாண்டு அறுவை நடந்துவிட்டிருந்தது. வரைபடம் கடைசியில்தான் வந்தது.

யோனியின் கதையும் இதே போக்குதான். தோல்மடிப்பை உள்ளே திருப்பித் தைப்பது, யோனியை உள்ளிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவது, 1997-இல் ஆல்பெர்ட்டோ பெண்யா அறிமுகப்படுத்திய, சிறுநீர்ப் பாதையையும் யோனியையும் ஒன்றாகவே கீழிறக்கும் முறை, அதைக் கொஞ்சம் அடக்கமாகச் செய்யும் 2006-இன் திருத்தம். பத்து ஆண்டுக்கு ஒன்றாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

இப்படி அறுவை செய்யப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து வந்து நின்றபோது என்ன தெரிந்தது? லண்டனில் மகளிர் மருத்துவர் சாரா கிரெய்ட்டனின் குழு பதின்ம வயதை எட்டிய 44 பேரைப் பரிசோதித்து 2001-இல் எழுதியது. இவர்கள் எல்லாரும் சிஏஎச் அல்ல. குழந்தைப் பருவத்தில் பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை செய்யப்பட்ட பலவகையினர். 18 பேருக்குத் தோற்றமே திருப்தியாக இல்லை என்று மதிப்பிடப்பட்டது. தோற்றத்துக்காகவோ, டாம்பான் வைப்பதற்காகவோ, உடலுறவுக்காகவோ மேலும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 44-இல் 43 பேர். ‘ஒரே தடவையில் முடித்துவிடலாம்’ என்று திட்டமிட்டுச் செய்தவற்றிலும் பெரும்பாலானவை மறுபடி பெரிய அறுவையில்தான் முடிந்தன.

இந்த எண்ணைப் படித்த பிறகு ‘ஒரே தடவை’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. காரணமும் எளிது. ஒரு வயதுக் குழந்தையின் யோனி வாயில் தைத்த தையல் தழும்பாக மாறும். குழந்தை வளரும், தழும்பு அதே வேகத்தில் வளராது, சுருங்கும். 2018 தொகுப்பில் இப்படிக் குறுகிப்போனது நூற்றுக்கு 27 பேருக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாதவிடாய் ரத்தம் வெளியேற வழி போதுமானதா என்று பார்க்க வேண்டும். பிறகு விரித்துவிடும் கருவிப் பயிற்சி, அல்லது மறு அறுவை. ஒரு காலத்தில் இந்த விரித்துவிடும் வேலையைச் சிறு பிள்ளைகளுக்கே, வீட்டில் தாயைக்கொண்டே செய்யச் சொன்னார்கள். பூப்புக்கு முன் அதைச் செய்யக்கூடாது என்று 2006-இல் வெளிவந்த, பல நாட்டு மருத்துவ வல்லுநர்களின் சிகாகோ ஒருமித்த அறிக்கை சொல்லிவிட்டது. அந்த வீடுகளில் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் என்ன மிஞ்சியது என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

உணர்வைப் பற்றி 2003-இல் அதே லண்டன் வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. உடலுறவு வாழ்க்கை இருந்த 28 பெண்களில் 18 பேருக்கு கிளிட்டோரிஸில் அறுவை நடந்திருந்தது, 10 பேருக்கு நடக்கவில்லை. உச்சத்தை எட்டவே முடியவில்லை என்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 39. இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதே குழுவின் இன்னொரு வேலை அதற்குப் பக்கபலமாக நின்றது. சூடு, குளிர், அதிர்வு ஆகியவற்றை எவ்வளவில் உணர்கிறார்கள் என்று கருவிகொண்டு அளந்தார்கள். கத்தி பட்ட இடத்தில் உணர்வு மங்கியிருந்தது. அதே பெண்ணின் உடம்பில், கத்தி படாத யோனியின் மேற்பகுதியில் உணர்வு இயல்பாக இருந்தது. ஒப்பிட வேறு ஆள் தேவைப்படவில்லை.

அறுவை மருத்துவர்களின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘அது பழைய முறை. இப்போது நாங்கள் செய்வது வேறு’ என்பார்கள். உண்மைதான். முழுதாக வெட்டிய காலத்தையும் இன்றையதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இந்தப் பதிலில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஒரு வயதில் செய்த அறுவையின் உண்மையான முடிவு தெரிய இருபது ஆண்டுகள் ஆகும். இருபது ஆண்டு கழித்து முடிவு வரும்போது முறை மாறியிருக்கும். ஆகவே கையில் இருக்கும் சான்று எப்போதும் நேற்றைய அறுவையைப் பற்றியது. பெற்றோரிடம் கையெழுத்து கேட்பது இன்றைய அறுவைக்கு. ‘இப்போது நன்றாகச் செய்கிறோம்’ என்பதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. 1975-இல் இருந்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இதில் எல்லாப் பழியையும் கத்தியின் மேல் போடுவதும் சரியில்லை. ஸ்வீடனில் 62 பெண்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வு, வாழ்க்கைத் தரம் அறுவை முறையை மட்டுமல்ல, மரபணுப் பழுது எவ்வளவு கடுமையானது என்பதையும் பொறுத்தது என்று காட்டியது. ஹார்மோன் கட்டுப்பாடு கைநழுவினால் முகத்தில் முடி, முகப்பரு, ஒழுங்கற்ற மாதவிடாய் எல்லாம் வரும். ஸ்டீராய்டு கூடினால் எடை ஏறும். இவையும் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி நினைப்பதை மாற்றும், படுக்கையறை வரைக்கும் போகும். பிள்ளைப்பேறு பற்றிய பயம் நம் வீடுகளில் பெரிது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 106 பெண்களைப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், கருத்தரிக்க முயன்ற 23 பேரில் 21 பேர் கருத்தரித்தார்கள். முயன்றவர்களுக்குப் பெரிய தடை இல்லை. முயன்றவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

சரி, அந்தப் பெண்களே என்ன சொல்கிறார்கள்? கட்டுரை எழுத வசதியான பதில் இங்கே கிடைக்காது. ஐரோப்பாவில் 6 நாடுகளில் 14 மருத்துவமனைகள் வழியாக 1,040 பேரைச் சந்தித்த ‘டிஎஸ்டி-லைஃப்’ ஆய்வில், சிஏஎச் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், அறுவைக்குக் குழந்தைப் பருவமே பொருத்தம் என்றார்கள்.  அமெரிக்காவில் சிஏஎச் குடும்பங்களின் அமைப்பு, இந்த அறுவைகளைத் தடுக்கும் சட்டங்களில் தங்களைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்த்து நின்றது. ஊடுபால் (இன்டர்செக்ஸ், அதாவது ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறப்பது) என்ற பெயரே தங்களுக்குப் பொருந்தாது என்பவர்கள் பலர். மறுபக்கம், சிறு வயது அறுவையால் பாதிக்கப்பட்டவர்கள் 1993-இல் அமெரிக்காவில் சங்கம் அமைத்து, 1996-இல் பாஸ்டனில் குழந்தை மருத்துவர்கள் மாநாட்டின் வாசலிலேயே நின்று போராடினார்கள். அந்த அக்டோபர் 26 இன்றும் ஊடுபாலினர் விழிப்புணர்வு நாளாக நினைவுகூரப்படுகிறது.

மூன்றில் இரண்டு பங்கு என்பதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனாலும் மருத்துவமனைக்கு இன்னமும் வந்துகொண்டிருப்பவர்களைத்தான் இத்தகைய ஆய்வு எட்டுகிறது. மருத்துவமனை வாசலையே மிதிக்க மாட்டேன் என்று போனவர்கள் கணக்கில் வருவதில்லை. பலரையும் அப்படி விரட்டியது அறுவை மட்டுமல்ல. வருடாவருடம் கால்களை அகட்டிப் படுக்கவைத்து, மாணவர் கூட்டம் சுற்றி நிற்க நடந்த பரிசோதனையும்தான். தவிர, பெரும்பாலானவர்கள் அறுவை செய்துகொண்டவர்களே என்பதால், செய்யாமல் வளர்வது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல ஆளில்லை. பிரான்ஸில் 2017-இல், கணிசமான மாற்றத்தோடு பிறந்து அறுவை செய்யாமல் வளர்ந்த 7 சிறுமிகளைப் பற்றி ஒரு குழு எழுதியது. மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது; பெற்றோரும் பிள்ளைகளும் சமாளித்தார்கள்; பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஏழே பேர். ஆனாலும் ‘விட்டால் பிள்ளை மனம் உடைந்துபோகும்’ என்று அறுபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டதற்கு இந்த அளவுச் சான்றுகூட இருந்ததில்லை.

இனி நம் ஊரான சிங்கப்பூருக்கு வருகிறேன். தேக்காவுக்குப் பக்கத்தில், புக்கிட் தீமா சாலையில் கேகே மருத்துவமனை. பிள்ளை பிறந்த அன்றே கைத்தொலைபேசியில் குடும்பக் குழுவில் கேள்வி வந்து விழும்: ‘என்ன பிள்ளை?’ அதற்குப் பதில் இல்லாத இரண்டு மூன்று நாட்கள் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும், பெயர் வைக்க வேண்டும், 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இந்த அவசரங்களை அறுவைக்கான அவசரமாக மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் குரோமோசோம் சோதனையும், ஹார்மோன் சோதனையும், கருப்பையைக் காட்டும் ஸ்கேனும் சில நாட்களில் பதில் சொல்லிவிடும். பெண் என்று பதிய அறுவை தேவையில்லை. ஐந்தாம் படியில் பிறந்து, சோதனை இல்லாத காலத்தில் ஆண் என்று பதியப்பட்டவர்களின் கதை வேறு. அப்படி நடந்தால் பதினாறரை வயதில், ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்குப் பதியச் சொல்லிக் கடிதமும் வந்து நிற்கும்.

பெற்றோரைச் சீக்கிரம் அறுவைக்குத் தள்ளுவது பெரும்பாலும் டயப்பர்தான் என்று தோன்றுகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீடு. டயப்பர் மாற்றுவது பாட்டி, பணிப்பெண், இல்லாவிட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் ஆசிரியை. பத்தியம் பார்க்க வந்தவர் குளிப்பாட்டுவார், பார்த்துவிடுவார், நாலு வீட்டுக்குப் பேச்சு போகும். ‘திருநங்கையா?’ என்று ஒரு சித்தி காதைக் கடிப்பார். அந்தப் பயம் போலியல்ல. ஆனால் இது பாலின மாற்றத்தைப் பற்றிய விஷயமே அல்ல என்று அந்தச் சித்திக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். பெண்ணாக வளர்க்கப்பட்ட 250 எக்ஸ்எக்ஸ் சிஏஎச் பிள்ளைகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், 237 பேர் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்தார்கள். மிச்சம் 13 பேருக்குத்தான் அது பெரிய போராட்டமாக இருந்தது. நூற்றுக்கு ஐந்து என்பது சிறிய எண். அந்த ஐந்தில் ஒருவருக்கு, வெட்டியெடுத்ததை ஒட்டவைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இதையெல்லாம் தமிழில் பேசச் சொல்லே இல்லை. இந்தக் கட்டுரையிலும் கிளிட்டோரிஸ் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் சில சொற்கள் இருக்கின்றன. எந்தத் தாயும் மகளிடம் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை. மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு வந்ததைத் தன் அம்மாவிடம் தமிழில் சொல்லும்போது ஒரு இளம் தந்தை ‘அங்க கொஞ்சம் சரியில்ல, சரி பண்ணிடுவாங்க’ என்றுதான் முடிப்பார். அந்த ‘சரி’க்குள் மூன்று அறுவைகள் ஒளிந்திருக்கின்றன. பெண் பெரியவளாகும் வயதில், சடங்கு எப்போது என்று உறவினர் கேட்கும்போது, அதே மௌனம் மறுபடி வந்து உட்காரும். மாதவிடாய் தள்ளிப்போவது மருந்துக் கட்டுப்பாட்டின் பிரச்சினையா, தழும்பு அடைத்ததா என்று அவளே கேட்க வேண்டிய வயது அது. அவளிடம் முன்பே சொல்லியிருந்தால்தான் கேட்பாள்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மால்டா 2015-இல், பிள்ளையின் சம்மதத்துக்குக் காத்திருக்கக்கூடிய இத்தகைய அறுவைகளைத் தடைசெய்தது. ஜெர்மனி 2021-இல் கட்டுப்பாடு விதித்தது. நமக்கு நெருக்கமான செய்தி மதுரையிலிருந்து வந்தது. தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிய மறுத்ததால் வந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலின அறுவை செய்வதைத் தடுக்கும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. திருமணப் பதிவு வழக்கு ஒன்றில் கைக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது சட்ட வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. சிங்கப்பூரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இங்கே வேலை அனுமதியில் இருந்துகொண்டு, பெரிய சிகிச்சை என்றால் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டு கரையிலும் இரண்டு விதி.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் பெற்றோர் கையில் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கில், மருத்துவர் தரும் அறிவுரையை நோயாளியின் கோணத்திலிருந்தும் எடைபோட வேண்டும் என்றது. பிறகு குடிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. நோயாளி அறிந்து முடிவெடுக்கத் தேவையான தகவலை மருத்துவர் தந்தாரா என்பது அந்தத் திருத்தத்தின் மையத்தில் உள்ளது. ஒரு வயதுக் குழந்தையின் விஷயத்தில் அந்தத் தகவலில் லண்டன் எண்களும் அடங்கும், ஐரோப்பிய எண்களும் அடங்கும், ‘இப்போது வேண்டாம்’ என்ற வழியும் அடங்கும். ஹார்மோன் சுரப்பியல் மருத்துவர்களின் 2018 வழிகாட்டியே, தள்ளிப்போடுவது உட்பட எல்லா வழிகளையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. மாற்றம் குறைவாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. அந்த முதல் வாரத்தின் அவசரம் சோடியம், கார்ட்டிசால். ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு மூன்று வேளை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் ஊசி போட வேண்டும். பாட்டியும் பணிப்பெண்ணும் பராமரிப்பு நிலைய ஆசிரியையும் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கிளிட்டோரிஸின் அளவு யாருக்கும் காய்ச்சல் தராது. அது அவளுக்குச் சொந்தமான முடிவு, காத்திருக்கும். சிறுநீர்ப் பாதையும் யோனியும் ஆழத்தில் சேர்ந்திருக்கும் ஐந்தாம் படிக் குழந்தையின் விஷயத்தில் எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. அங்கே சீக்கிரம் செய்வதற்கும் வாதம் இருக்கிறது, பதின்ம வயதில் அவளோடு பேசிச் செய்வதற்கும் வாதம் இருக்கிறது. அனுபவமிக்க கை வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போகலாம்: ‘நீங்கள் ஒரு வயதில் அறுவை செய்த பிள்ளைகளில், இப்போது இருபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேரை இன்னமும் பார்க்கிறீர்கள்?’ குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் பதினாறு, பதினேழு வயதில்தான் பல பெண்கள் எந்த மருத்துவமனையின் கணக்கிலும் இல்லாமல் போகிறார்கள். 2006-இல் வந்த அந்தத் திருத்திய முறையில் முதன்முதலாக அறுவை செய்யப்பட்ட குழந்தைகள் இப்போதுதான் இருபதைத் தொடுகிறார்கள். அவர்களிடம் இன்னும் யாரும் சரியாகக் கேட்கவில்லை.